கணிதமும் இயற்பியலும் படிக்க மகளுக்குக் கல்லூரி தேடியபோது

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை, பொறியியலும் வேண்டாம் மருத்துவமும் வேண்டாம், கணிதமோ இயற்பியலோ படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் உறவினர்கள் ஆறுதல் சொல்ல வந்துவிடுகிறார்கள். என் மகள் அப்படிச் சொன்னபோதும் வந்தார்கள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு வெறும் பி.எஸ்சி.யா?" என்று என் மாமியாரே கேட்டார். நான் கோவில்பட்டிக்கு அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் மாணவர்கள் பலரை இதே படிப்புக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் சொந்தப் பிள்ளைக்காகத் தேடும்போதுதான், ஒரு கல்லூரியை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது எனக்கு முழுதாகப் பிடிபட்டது. இனித் தேடப் போகும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், என்னென்ன வாசல்கள் திறந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர்களில் பலருக்கும் ஐஐடி தெரியும், அண்ணா பல்கலைக்கழகம் தெரியும். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருப்பது தெரியாது. சி.எம்.ஐ. என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தை 1989இல் கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி தொடங்கினார். 1998 முதல் அங்கே இளநிலைப் படிப்பு நடக்கிறது. கணிதத்தோடு கணினி அறிவியலையோ இயற்பியலையோ சேர்த்துப் படிக்கலாம். கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. புள்ளியியல் பட்டப்படிப்பு கொல்கத்தாவிலும் கணிதப் பட்டப்படிப்பு பெங்களூருவிலும் நடக்கின்றன. அங்கே கல்விக் கட்டணம் இல்லை, மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு என்று சொன்னபோது என் கணவர் நம்பவில்லை. இணையதளத்தைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

பிறகு ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். புனேயிலும் கொல்கத்தாவிலும் 2006இல் தொடங்கி இன்று ஏழு இடங்களில் இருக்கின்றன. தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் திருவனந்தபுரமும் வட தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் திருப்பதியும் பக்கம். ஐந்தாண்டுப் படிப்பு; இளநிலை, முதுநிலை இரண்டையும் சேர்த்தே முடித்து வெளியே வரலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011இல் இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. மும்பை, கான்பூர் ஐஐடிகளில் கணிதமும் இயற்பியலும் உண்டு, ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியே போக வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றோடு நம் மாவட்டங்களில் உள்ள அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகள். இந்தக் கடைசி வகையைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பெயர்களைப் பட்டியலிட்டபின் நாங்கள் தரவரிசைகளுக்குள் போகவில்லை. கல்வி அமைச்சகத்தின் தரவரிசையும், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீடும் கல்லூரி முழுவதையும் அளக்கின்றன. அந்தக் கல்லூரியின் வணிகவியல் துறை சிறப்பாக இருந்து கணிதத் துறை சோர்ந்து கிடந்தாலும் பெயர்ப் பலகையில் அதே தரம்தான் எழுதியிருக்கும். பழம்பெருமையும் அப்படித்தான். சி. வி. ராமனும் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார்கள். அப்துல் கலாம் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அந்தப் பெயர்களைக் கேட்டால் எனக்கும் மனம் நெகிழும். ஆனால் ஒரு கல்லூரியில் என் மகளுக்கு வரும் ஜூன் மாதத்தில் யார் பாடம் எடுப்பார்கள் என்பதை எந்தப் பழைய பெயரும் சொல்லிவிடாது.

எனக்கு உண்மையைச் சொன்னது கேள்வித்தாள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முந்தைய ஆண்டுகளின் பருவத் தேர்வுக் கேள்வித்தாள்களைக் கேட்டேன். நூலகத்தில் கட்டிவைத்திருப்பார்கள், இல்லையென்றால் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கட்டாயம் இருக்கும். நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 75 மதிப்பெண் தாள்: இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று மூன்று பகுதிகள். அதில் பத்து மதிப்பெண் பகுதியைப் பாருங்கள். ஒரு கல்லூரியில் மெய்ப் பகுப்பாய்வுத் தாளில் எல்லாமே "இந்தத் தேற்றத்தைக் கூறி நிறுவுக" என்ற வகை. அடுத்த ஆண்டுத் தாளைப் புரட்டினால் அதே தேற்றங்கள் இடம் மாறி வந்திருக்கின்றன. பத்துத் தேற்றங்களை மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே முதல் வகுப்பில் தேறிவிடும். ஆனால் எல்லை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு கல்லூரியில், அதுவும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு சாதாரணக் கல்லூரிதான், அதே பாடத்தின் தாளில் இப்படி இருந்தது: வரம்புடையதாக இருந்தும் குவியாத ஒரு தொடர்முறைக்கு எடுத்துக்காட்டுத் தருக, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு ஒன்றைச் சொல்லி, ஏன் என்று விளக்குக. இதைப் பார்த்தவுடன் என் மகள் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் நூலகத்து மேசையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஓர் ஆசிரியர் அங்கே உட்கார்ந்து யோசித்துக் கேள்வி எழுதுகிறார். அந்த ஒருவர் இருக்கும் துறை நல்ல துறை. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. அந்தச் சுதந்திரத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

இயற்பியல், வேதியியல் படிக்கப் போகிறவர்கள் ஆய்வகத்தையும் பார்க்க வேண்டும். புதிய கருவி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. மாணவர்களின் அப்சர்வேஷன் நோட்டையும் ரெக்கார்டு நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆசிரியை என்பதால் எனக்கு எளிதாகக் கிடைத்தது. பெற்றோர் யார் கேட்டாலும் மாணவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். அப்சர்வேஷன் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா? ஒரே வகுப்பில் நான்கு பேருடைய அளவீடுகள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கின்றனவா? அப்படி இருந்தால் அங்கே ஒருவர் கருவியைத் தொட்டு, மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்று பொருள். நியூட்டன் வளையச் சோதனையை எல்லாக் கல்லூரிகளிலும் செய்கிறார்கள். அதைச் செய்த ஒரு மாணவியிடம், "நடுவில் கருப்பாக இருக்க வேண்டிய இடம் சில நேரம் வெளிச்சமாகத் தெரியுமே, பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "லென்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி இருந்தால் அப்படி வரும் மேடம், துடைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள்" என்று உடனே பதில் வந்தது. இந்தப் பெண் கையால் வேலை செய்திருக்கிறாள். அந்த ஆய்வகம் பழையதாக இருந்தாலும் உயிரோடு இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

ஆசிரியர்களைப் பற்றி விசாரிக்கும்போது கொஞ்சம் பொறுமை தேவை. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடந்து கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. குறைந்த சம்பளத்தில் முனைவர் பட்டத்தோடு வந்து அவர்கள் தரும் உழைப்பு மிகப் பெரிது. ஆகவே நிரந்தரமா, கௌரவமா என்று மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த ஆண்டு தொடங்கிய பாடத்தை அதே ஆசிரியர் ஆண்டு முடியும்வரை எடுக்கிறாரா, வகுப்பு முடிந்த பிறகு சந்தேகம் கேட்க அவர் கிடைப்பாரா என்று மாணவர்களிடம் கேளுங்கள். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரே கல்லூரியில், ஒரே பாடத்துக்கு, உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கலாம். கட்டணமும் வேறு, பெரும்பாலும் ஆசிரியர்களும் வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

வேலைவாய்ப்பு என்று சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களில் நம் பிள்ளைக்குத் தேவையான செய்தி இல்லை. கணிதமும் அறிவியலும் படிப்பவர்களுக்கு மூன்றாண்டுகளுக்குப் பிறகு முதுநிலைப் படிப்பு என்பதே அடுத்த படி. அதனால் முதுநிலை அறிவியல் படிப்புக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிக்கோ இந்திய அறிவியல் கழகத்துக்கோ போனவர்கள் கடந்த சில ஆண்டுகளில் உண்டா என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். "ஜாம் என்றால்?" என்று ஓர் இடத்தில் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இன்னோர் இடத்தில் துறைத் தலைவர் சட்டென்று எழுந்து, இப்போது எங்கே யார் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக்கொண்டே போனார். சிலருடைய வீட்டு நிலைமையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

இனி நுழைவுத் தேர்வுகள். இவற்றைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டாம், பிள்ளையின் மனத்தை அறிய இவற்றைவிட நல்ல வழி இல்லை. சி.எம்.ஐ., புள்ளியியல் கழகம் இரண்டின் தேர்விலும் கொள்குறி வினாக்களோடு, விடையை முழுதாக எழுதி நிறுவ வேண்டிய கேள்விகளும் வருகின்றன. பழைய வினாத்தாள்கள் அவர்களது இணையதளத்திலேயே கிடைக்கின்றன. பாடம் பள்ளி அளவுதான், ஆனால் கேட்கும் விதம் முற்றிலும் வேறு. அந்த வகையில் ஒரு சின்னக் கணக்கைச் சொல்கிறேன். அடுத்தடுத்து வரும் மூன்று இயல் எண்களைப் பெருக்கினால் வரும் எண் ஒருபோதும் முழு வர்க்கமாகாது என்று நிறுவுக. இதில் சூத்திரம் எதுவும் கிடையாது. என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டையும் மறந்து இதனோடு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளே கண்டுபிடித்தாள்: நடு எண்ணுக்கும், அதன் இரு பக்கத்து எண்களின் பெருக்கலுக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே மொத்தமும் வர்க்கமாக வேண்டுமென்றால் இரண்டும் தனித்தனியே வர்க்கமாக இருக்க வேண்டும். ஆனால் பக்கத்து எண்களின் பெருக்கல் நடு எண்ணின் வர்க்கத்தைவிட ஒன்று மட்டுமே குறைவு. ஒன்று மட்டும் வித்தியாசம் உள்ள இரண்டு வர்க்கங்கள் இயல் எண்களில் கிடையாது. எனவே முடியாது.

"அம்மா, இது எவ்வளவு சுத்தமாக முடிகிறது பாருங்கள்!" என்று ஓடி வந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு உறவினர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்படிப்பட்ட கேள்வி ஒரு பிள்ளைக்கு எரிச்சலை மட்டும் தந்தால், நூற்றுக்கு நூறு எடுத்திருந்தாலும் கணிதப் பட்டப்படிப்பு அதற்குச் சுமையாகிவிடக்கூடும். அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் இது தெரியாது.

ஐசரின் தேர்வு வேறு வகை. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்தாக 60 கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். நம் பள்ளிகளில் கணினி அறிவியல் குரூப் எடுத்த பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். என் மகளும் அந்தக் குரூப். உயிரியலைக் கைவிட்டு மற்ற மூன்றில் மட்டும் நம்பிக்கை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியை வேறு மாதிரிச் சொன்னார்: "செல், மரபியல், சூழலியல் மூன்றையும் ஒழுங்காகப் படிக்கட்டும், பாதிக் கேள்விகளையாவது தொட முடியும்." அதன்படி அவரே மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அது பலித்தது.

சி.எம்.ஐ. தேர்வில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஐசரில் கிடைத்தது. மதுரையில் ஓர் உதவி பெறும் கல்லூரியில் கணிதத்துக்கும் இடம் கையில் இருந்தது. இரண்டில் எது என்பதை ஒரே விஷயத்தை வைத்து முடிவு செய்தோம். அவளுக்குக் கணிதமா இயற்பியலா என்று அப்போது தெரியவில்லை. ஐசரில் எல்லாரும் முதலில் நான்கு அறிவியல்களையும் படித்துவிட்டுப் பிறகுதான் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண் இன்னும் கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டு முடிவு செய்யட்டும் என்று திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுத்தோம். விதுரா மலையடிவாரத்தில் வளாகம், ரயிலில் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். கணிதம்தான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நான் இதையே பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே கணிதத்தில் மூழ்கவைக்கும் இடம் நல்லது.

என் அக்கா மகன் கதை இதற்கு நேர் எதிர். அப்பா இல்லாத வீடு, தமிழ்வழியில் படித்தவன், எந்த நுழைவுத் தேர்வும் எழுதவில்லை. அப்படித் தேர்வுகள் இருப்பதே எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அன்று தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தான். கட்டணம் மிகக் குறைவு, பஸ் பாஸ் உண்டு. முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடப்புத்தகம் அவனை மிரட்டியது. அங்கே ஓர் ஆசிரியர் ஒவ்வொரு வரையறையையும் முதலில் தமிழில் விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் எழுதவைத்து, பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்வாராம். அவர்தான் அவனை எம்.டி.டி.எஸ். முகாமுக்கு விண்ணப்பிக்க வைத்தார். கணிதப் பயிற்சிக்கும் திறன் தேடலுக்குமாகப் பேராசிரியர் குமரேசன் 1993இல் தொடங்கிய கோடை முகாம் அது. தேசிய உயர் கணித வாரியத்தின் ஆதரவில் நாடு முழுவதிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள்.

"சித்தி, அங்கே ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைவிட எங்களைக் கேட்பதுதான் அதிகம். தப்பாகச் சொன்னாலும் அந்தத் தப்பையே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போவோம்" என்று திரும்பி வந்து சொன்னான். அந்தக் கோடைக்குப் பிறகு அவன் படித்த விதமே மாறிவிட்டது. மாதவா கணிதப் போட்டி எழுதினான், மூன்றாம் ஆண்டில் ஜாம் எழுதித் தேறினான். இன்று ஓர் ஐஐடியில் முதுநிலை முடித்து ஆராய்ச்சியில் இருக்கிறான். என் மகளுக்கு வழி காட்டியவனும் அவன்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவர்களுக்கு இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. எந்த ஊர்க் கல்லூரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆகவே பக்கத்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு நான் சொல்வது: இவற்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஓர் ஆசிரியர் துறையில் இருக்கிறாரா என்று பார்த்துச் சேருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் தங்கள் கல்வி வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையாக ஆண்டுக்கு 80,000 ரூபாய் கிடைக்கும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இது கிடையாது. கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் உண்டு. என் மாமியாருக்கு இதைச் சொன்ன பிறகுதான் பி.எஸ்சி.க்கு முன்னால் இருந்த "வெறும்" போனது. சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு, ஆனால் சலுகைக்கும் வழி இருக்கிறது, கேட்கத் தயங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விடுதிச் செலவுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று என் மாணவிகளின் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

காலத்தை மட்டும் தவற விடாதீர்கள். இந்த நுழைவுத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. முடிவு வந்த பிறகு "சி.எம்.ஐ.யில் சேர என்ன செய்ய வேண்டும் மேடம்?" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது என்னிடம் வந்து நிற்கிறது. அந்த ஆண்டுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. உள்ளூர்க் கல்லூரிச் சேர்க்கையும் இந்தத் தேர்வு முடிவுகளும் ஒரே சமயத்தில் வரும் என்பதால், பக்கத்துக் கல்லூரியில் இடம் பிடிக்கும்போது, விலகினால் கட்டணத்தையும் மாற்றுச் சான்றிதழையும் எப்போது, எப்படித் திருப்பித் தருவார்கள் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ்களின் நகல்களைப் போதுமான அளவு எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள். பிளஸ் ஒன் தேர்வு முடிந்த கோடையிலேயே, எந்தத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பம் என்று பிள்ளையின் கையாலேயே எழுதவைத்துப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.